வலக்காதில் வாடை

கட்டிலில் அவருக்கு இடப்பக்கம்தான் என் இடம்.
கல்யாணமான மூன்றாம் நாளே முடிவான ஏற்பாடு.
இடக்காது எனக்கு.
வலக்காது அவளுக்கு.

தூக்கத்தில்தான் முதலில் அந்தப் பேரைச் சொன்னார்:
அக்கிலோன்.
துலோன் துறைமுகத்தில் எவளோ ஒருத்தி என்று நினைத்து
மறுநாள் காபியைக் கையில் கொடுக்காமல்
நங்கென்று மேசையில் வைத்தேன்.
நங்கென்றது கேட்கவில்லை.
முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு
இரும்புப் பெட்டியைத் திறந்தார்.

படத்தில்,
கப்பலின் மேல்தளத்தில் சிறகை மடக்கி நிற்கிறாள்,
மழைக்கு ஒதுங்கிய கொக்கு மாதிரி.
குட்டித் தொப்பை, பின்னால் இரட்டை வால்.
பக்கத்தில் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
இருபத்திரண்டு வயது மிக்கேல் அருளாந்து.
கன்னமெல்லாம் எண்ணெய்.
காது இரண்டும் அப்போது வேலை செய்தன.

ஜெட், என்றார். போர் விமானம்.
கடற்படைக்கு ஜெட் வந்த புதிதில் வந்தது.
மூக்குப்பக்கமெல்லாம் மரம் தெரியுமா, ஒட்டுப்பலகை.

மரமா?
ஒரு மரம் பறக்க இவ்வளவு கத்தணுமா?

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுப்பது இவர் வேலை.
குனிந்து எடுத்து ஓடணும்.
ஓடுகிற பக்கம் எப்போதும் வலது காது அவளிடம்.
அன்றைக்குக் காதுக்குப் பாதுகாப்பு பஞ்சு ஒன்றுதான்,
பிணத்துக்கு வைக்கிறோமே, அதே பஞ்சு.

நோத்தேர் ஆபீசில் தட்டச்சுக்காரி நான்,
அகராதி கைக்கெட்டும் தூரம்.
பார்த்தேன்: வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று.

அட, வாடை!
நம்ம ஊர் வாடைக்குக் கவுன் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொல்வார்,
புருஷன் பாசறையில், பெண்சாதி வீட்டில்,
வாடை வந்து வாட்டும் என்று.
எனக்கு வாய்த்தது தலைகீழ்.
பாசறை முடிந்து புருஷன் வந்துவிட்டார்,
வரும்போது வாடையையும் கூட்டிக்கொண்டு.
மார்கழியோடு போகிற வாடை இல்லை இது.
சித்திரை வெயிலில், மின்சாரம் போன மத்தியானத்தில்,
சம்பா கோவில் மணி அடிக்கிறபோது
மணியை நகர்த்திவிட்டு வந்து உட்காருவாள்.

போன மாதம் பென்ஷன்காரர்கள் காதைச் சோதித்தார்கள்.
கண்ணாடி அறை. கையில் ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்தணும்.
சத்தமே கொடுக்காதபோதும் அழுத்தினார்.
திரும்பவும்.
திரும்பவும்.
வெளியே வந்த டாக்டர் என்னிடம் மெல்லக் கேட்டார்,
காசுக்காக நடிக்கிறாரா, மதாம்?
படிவத்தில் எழுதியது: நம்பத்தக்கதல்ல.

இருபத்துமூன்று வருஷம் திட்டியவள் நான்.
வேறொருத்தர் அவளை இல்லை என்றதும்
ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது?

ஆபீஸ் மூடியபிறகு உட்கார்ந்து அடித்தேன்.
கடைசி வாக்கியம் மட்டும் நான்கு தாள் வீணாக்கியது.

"கீழே கையொப்பமிடும் மதலேன் அருளாந்து ஆகிய நான்
மேற்படி விமானத்துடன் ஒரே வீட்டில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு முதல்
இடைவெளியின்றி வசித்துவருகிறேன்.
அதன் இரைச்சல் உண்மையானது.
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
ஆனால் அது நிற்கும் இடம் எனக்குத் தெரியும்."

அன்றிரவு முதல்முறையாகப் பக்கம் மாறிப் படுத்து
வலக்காதில் அதைப் படித்துக் காட்டினேன்.
கண்ணை மூடிக் கேட்டார், கேட்டதுபோல் இருந்தார்,
பிறகு கையை உயர்த்தி நிறுத்தினார்:
இரு மதலேன். அவ கிளம்புறா. போகட்டும், அப்புறம் படி.

காத்திருந்தேன்.
வேறென்ன செய்ய?

காலையில் ரங்கப்பிள்ளை வீதி தபாலாபீசில்
விமானத் தபாலுக்கான நீலச் சீட்டை எச்சில் தொட்டு ஒட்டினேன்.
கைப்பையைத் திறந்தேன்.
அதற்குள் சட்டைப்பையிலிருந்து சில்லறையை எண்ணி வைத்துவிட்டார்.

அவ செலவு, என்றார்.
உனக்கு எதுக்கு.